குளிர்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் கொசுவே புது வைரஸைப் பரப்புமா?

செல்வி_டீச்சர்:

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். கொசுவால் பரவும் நோய் என்றாலே வெப்பமண்டலம், மழைக்காலம், ஏடிஸ் எஜிப்டை, அனாஃபிலிஸ் என்றுதான் பாடம் போகும். குளிர்நாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், பூமி சூடாவதால் ஆசியாவிலிருந்து வந்த புலிக்கொசு (ஏடிஸ் அல்போபிக்டஸ்) வடக்கே நகர்கிறது, கூடவே டெங்குவும் சிக்குன்குனியாவும் போகின்றன என்று ஒரு பத்தியோடு முடிந்துவிடும்.

போன வாரம் ஒரு மாணவி ஒரு செய்தியோடு வந்தாள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், ஐடில் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் 2023 ஜூலையில் பிடித்த கொசுக்களில் வெஸ்ட் நைல் வைரஸின் மரபணுத் துண்டுகள் இருந்தன என்று 2025 மே மாதம் அறிவித்திருக்கிறார்கள். அது புலிக்கொசு இல்லை, ஏடிஸ் வெக்சான்ஸ். அந்த நாட்டுக்கே உரிய கொசு. "அப்படியென்றால் வைரஸ் எப்படி வந்தது டீச்சர்? யாராவது காய்ச்சலோடு விமானத்தில் வந்து இறங்கினார்களா?" என்று கேட்டாள்.

எனக்கும் இதில் நிறைய கேள்விகள் இருக்கின்றன. ஆப்பிரிக்க வைரஸ் ஒன்றை, அதோடு முன்பின் பழக்கமே இல்லாத ஒரு குளிர்நாட்டுக் கொசு எப்படி உடம்பில் வளர்த்துக் கடத்துகிறது? வருஷத்தில் பாதி நாள் கொசுவே பறக்காத ஊரில் வைரஸ் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அரைகுறையாகச் சொல்ல மனசு வரவில்லை.

பொறிக்காரன்:

டீச்சர், குளிர்நாட்டு ஆய்வகம் ஒன்றில் கொசுப் பொறிகளில் விழுந்ததைப் பிரித்து, இனம் பார்த்து, வைரஸ் சோதனைக்கு அனுப்புவதுதான் என் வேலை. அதனால் இது எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

முதலில் உங்கள் மாணவிக்கு: விமானத்தில் யாரும் வரத் தேவையில்லை. டெங்கு வைரஸ் மனிதன், கொசு, மறுபடி மனிதன் என்று சுற்றுகிறது. வெஸ்ட் நைல் அப்படி இல்லை. அது பறவை, கொசு, பறவை என்று சுற்றுகிறது. பறவையின் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும், அதைக் குடிக்கும் கொசுவுக்கு எளிதில் தொற்றும். மனிதனும் குதிரையும் அந்தச் சுற்றுக்கு வெளியே நிற்பவர்கள். நமக்கு நோய் வரலாம், உயிரும் போகலாம். ஆனால் நம் ரத்தத்தில் வைரஸின் அளவு குறைவு, நம்மைக் கடித்த கொசுவுக்குத் திரும்பத் தொற்றுகிற அளவுக்கு இருக்காது. அதனால் காய்ச்சலோடு ஒரு பயணி வந்து இறங்கினாலும் அவரிடமிருந்து உள்ளூர்க் கொசுவுக்குப் போகாது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே திரும்புகிற பறவையிடமிருந்து போகும். அதற்குப் பாஸ்போர்ட் சோதனை கிடையாது.

அடுத்து, முன்பின் பழக்கமில்லாத கொசு என்கிறீர்கள். இந்த வைரஸை 1937-இல் உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில், காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிடித்தமான கியூலெக்ஸ் பேரினம் உலகம் முழுக்க இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ராத்திரி காதருகே ரீங்காரமிடும் சாதாரண வீட்டுக் கொசு கியூலெக்ஸ் பிப்பியன்ஸ். வைரஸுக்கு இது புது ஊராக இருக்கலாம், ஆனால் பழகிய குடும்பம்தான். 1996-இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஏறத்தாழ 400 பேருக்கு மூளைக்காய்ச்சலும் மூளை உறைக் காய்ச்சலும் வந்தபோது, பரப்பியது இதே கொசுதான். வெளியிலிருந்து ஒரு கொசு இனமும் வந்து சேரவில்லை.

கொசுவின் உடம்புக்குள் நடப்பதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். குடித்த ரத்தம் நடுக்குடலுக்குப் போகிறது. வைரஸ் முதலில் குடல் சுவரின் செல்களுக்குள் நுழைய வேண்டும். அங்கே பெருகி, சுவரைத் தாண்டி உடற்குழிக்குள் விழ வேண்டும். அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அதற்குள்ளும் பெருகி உமிழ்நீரில் கலக்க வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் அந்தக் கொசு கடத்தி. வழியில் எங்கே தடைபட்டாலும், வைரஸைக் குடித்த கொசு அதை யாருக்கும் கொடுக்காமலே செத்துப்போகும். அதனால்தான் "கொசுவில் வைரஸ் இருந்தது" என்பதும் "கொசு வைரஸைக் கடத்தும்" என்பதும் வேறு வேறு. நாட்டிங்ஹாம்ஷயரில் கிடைத்தது முதல் வகை. பத்துப் பத்தாக அரைத்துச் சோதித்த தொகுப்புகளில் இரண்டில் மரபணுத் துண்டு இருந்தது. அங்கே யாருக்காவது நோய் தொற்றியதற்கான அடையாளம் இல்லை.

இரண்டாவது வகையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்றால், வைரஸ் கலந்த ரத்தத்தைக் கொசுவுக்குக் குடிக்கக் கொடுத்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒன்றிரண்டு வாரம் வைத்திருப்போம். பிறகு அதை மயக்கி, இறக்கையையும் கால்களையும் எடுத்துவிட்டு, ஊசிபோன்ற வாய்க்குழலை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனிக்குள் நுழைத்து வைப்போம். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது உமிழும் எச்சில் கண்ணுக்கே தெரியாத அளவுதான் இருக்கும். அந்த எச்சிலில் உயிருள்ள வைரஸ் இருந்தால் அது கடத்தி. காலில் மட்டும் இருந்தால் குடலைத் தாண்டியிருக்கிறது, எச்சிலுக்கு வரவில்லை. வயிற்றில் மட்டும் இருந்தால் குடலிலேயே மாட்டிக்கொண்டது. ஒரே ஒரு கொசுவை இப்படி மூன்றாகப் பிரித்துப் பார்க்கும்போது வைரஸ் எந்த வாசலில் நின்றுபோனது என்று அப்படியே தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த வேலை எனக்கு அலுக்கவில்லை.

இந்த முறையில் குளிர்நாட்டுக் கொசுக்களைச் சோதித்துத் தெரிந்துகொண்டவை முக்கியமானவை. பிரிட்டனின் உப்புச் சதுப்புகளில் வாழும் ஏடிஸ் டெட்ரிட்டஸை லிவர்பூல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். டெங்கு அதன் உடம்பில் ஏறவில்லை. சிக்குன்குனியா மிகக் குறைவாகவே ஏறியது. வெஸ்ட் நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இரண்டும் எச்சில் வரை வந்தன. நெதர்லாந்தின் கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் வெஸ்ட் நைலை 18 டிகிரியில்கூடக் கடத்தியது, சூடு ஏற ஏறக் கூடுதலாக. ஆக, இந்த ஊர்க் கொசுவுக்கு இந்த வைரஸைத் தூக்கத் தெம்பு உண்டா என்ற கேள்வி பெரும்பாலும் முடிந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது நேரக் கணக்கு.

கொசுவின் உடல் வெப்பம் என்பது வெளிக்காற்றின் வெப்பம்தான். வைரஸ் எச்சிலுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவில் கியூலெக்ஸ் டார்சாலிஸ் என்ற உள்ளூர் இனத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். 14.3 டிகிரிக்குக் கீழே வைரஸ் நகரவே நகராது. அதற்கு மேலே இருக்கும் டிகிரிகளை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் 109 வரும் நாளில் கொசு கடத்தத் தயார். கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்: சராசரி 18 டிகிரி என்றால் ஏறத்தாழ 29 நாள், 22 டிகிரி என்றால் 14 நாள், 26 டிகிரி என்றால் 9 நாள்.

இனிமேல்தான் விஷயமே. கொசு அத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டுமே! ஒரு கணக்குக்காக, தினமும் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொற்றிய 100 கொசுவில் 29-ஆம் நாள் மிஞ்சுவது 5. 14-ஆம் நாள் என்றால் 23. 9-ஆம் நாள் என்றால் 39. எட்டு டிகிரி கூடியதற்கு எட்டு மடங்கு ஆபத்தான கொசுக்கள். அத்தோடு சூட்டில் கொசு முட்டையிடும் சுற்றும் வேகமாகிறது, கடியும் கூடுகிறது. குளிர்நாடுகள் இத்தனை காலம் தப்பித்ததற்குக் கொசு இல்லாதது காரணம் இல்லை. வைரஸ் எச்சிலுக்கு வருவதற்குள் கொசு செத்துக்கொண்டிருந்தது, அதுதான் காரணம்.

குளிர்காலத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது பொறிகளை எடுக்கப் போக வேண்டும்.

வலசை:

டீச்சர், நான் பறவை பார்ப்பவன். பொறிக்காரன் அண்ணன் சொன்ன சுற்றின் மறுபாதியைச் சொல்கிறேன்.

2001 கோடையில் ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சுற்றிப் பிளாக்பேர்ட் எனப்படும் கரிய பாடும் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தோட்டங்களில் அது ரொம்பச் சாதாரணமான பறவை. மஞ்சள் அலகு, விடியற்காலையில் கூரைமேல் உட்கார்ந்து அருமையாகப் பாடும். சோதித்தபோது கிடைத்தது உசுட்டு வைரஸ். ஆப்பிரிக்காவில் 1959-இல் கண்டது, வெஸ்ட் நைலுக்கு நெருங்கிய உறவு. பிறகு சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளைத் தோண்டிப் பார்த்தபோது, 1996-இலேயே இத்தாலியின் டஸ்கனியில் பறவைகளைக் கொன்றது இதுதான் என்று தெரிந்தது. 2011-இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கு, 2016-இல் நெதர்லாந்தும் பெல்ஜியமும், 2020-இல் லண்டன் என்று மேலே ஏறிக்கொண்டே போனது. பரப்பியது எல்லா இடத்திலும் அந்தந்த ஊர் வீட்டுக் கொசுதான். அந்தப் பறவையின் பாட்டுக் குறைந்த தோட்டங்களைப் பற்றி அங்கிருப்பவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

உசுட்டு போன வழியிலேயே பின்னால் வெஸ்ட் நைலும் போகிறது. ஜெர்மனியில் 2018-இல் பறவைகளில் கண்டார்கள், 2019-இல் உள்ளூர்க் கொசு கடித்து மனிதர்களுக்கு வந்தது. நெதர்லாந்தில் 2020 ஆகஸ்டில், உட்ரெக்ட் அருகே காலில் அடையாள வளையம் போடப் பிடித்த ஒரு வெண்தொண்டைக் கதிர்க்குருவியின் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. சகாராவுக்குத் தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கும் சின்னஞ்சிறு பறவை அது. அதே ஆண்டு அக்டோபரில் அதே வட்டாரத்தில் மனித நோயாளிகள். பறவைக்கு வளையம் போடுகிற தன்னார்வலர்களின் மாதிரி இல்லையென்றால் மனிதர்களுக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும். செத்த பறவையைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் அந்தந்த நாட்டுக் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நரம்பியல்_மருத்துவர்:

மருத்துவப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். வெஸ்ட் நைல் தொற்றுபவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு ஒன்றுமே தெரியாது. ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, சிலருக்குத் தோலில் தடிப்பு. 150 பேரில் ஒருவர் அளவுக்கு மூளைக்காய்ச்சல், மூளை உறைக் காய்ச்சல், அல்லது போலியோ போலத் திடீரென்று கைகால் தளர்ந்துபோதல். வயதானவர்களுக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். மனிதருக்குத் தடுப்பூசி இல்லை, வைரஸைக் கொல்லும் தனி மருந்தும் இல்லை. குதிரைக்குத் தடுப்பூசி உண்டு.

நோயறிதல் ஏன் கஷ்டம் என்பதை டீச்சர் வகுப்பில் சொல்ல வேண்டும். 1999 ஆகஸ்டில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் வயதான சிலர் மூளைக்காய்ச்சலோடும் வழக்கத்துக்கு மாறான தசைத் தளர்ச்சியோடும் சேர்ந்தார்கள். டாக்டர் டெபோரா அஸ்னிஸ் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். எதிர்ப்பொருள் சோதனை செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றது. அது அமெரிக்காவிலேயே இருக்கும் நோய், அதனால் யாருக்கும் பெரிதாக உறுத்தவில்லை. ஆனால் அதே நாட்களில் நகரத்தில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவின் கால்நடை நோயியல் நிபுணர் டிரேசி மெக்நமாரா தன் பறவைகளும் சாவதைப் பார்த்தார். செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்லாது. குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸாக இருந்தால் ஈமு பறவைகள் முதலில் செத்திருக்க வேண்டும், ஆனால் ஈமுக்கள் நன்றாக இருந்தன. இது வேறு ஏதோ என்று அவர் விடாமல் வலியுறுத்தினார். கடைசியில் வெஸ்ட் நைல் என்று உறுதியானது. அந்த ஆண்டு 62 பேருக்குக் கடும் நோய், 7 பேர் இறந்தார்கள்.

முதல் சோதனை தவறியதற்குக் காரணம், இந்த வைரஸ் குடும்பத்தின் எதிர்ப்பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். டெங்கு வந்து குணமானவர், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டவர், உசுட்டு தொற்றியவர் என எல்லோருடைய ரத்தமும் வெஸ்ட் நைல் சோதனையில் குழப்பும். உறுதி செய்ய வைரஸை நேரடியாக முடக்கிப் பார்க்கும் சோதனை வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் காரணம் தெரியாத மூளைக்காய்ச்சலோடு ஒரு முதியவர் வந்தால், "எந்த நாட்டுக்குப் போயிருந்தீர்கள்?" என்று கேட்டு, எங்கும் போகவில்லை என்றதும் கொசுவை மறந்துவிடக் கூடாது. எங்கும் போகாதவருக்கும் இந்த நோய் வருகிறது.

கண்ணன்77:

எல்லாம் சரி, ஆனால் உண்மையான ஆபத்து புலிக்கொசுதானே? 2007-இல் இத்தாலியில் காஸ்டிலியோனே டி செர்வியாவில் சிக்குன்குனியா பரவியது. 2025-இல் பிரான்ஸில் உள்ளூரிலேயே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிக்குன்குனியா. நாட்டுக் கொசுவைப் பற்றிப் பேசிப் பேசி அதிலிருந்து கவனம் சிதறக் கூடாது என்று நினைக்கிறேன்.

பொறிக்காரன்:

கண்ணன், புலிக்கொசு ஆபத்துதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விடுவதற்கில்லை. இரண்டும் வேறு வேறு வழியில் நடப்பவை, அதனால் தடுக்கும் வழியும் வேறு. பயணியிடமிருந்து பரவும் நோயில் நோயாளியைக் கண்டுபிடித்து, அவர் வீட்டைச் சுற்றி மருந்தடித்துச் சங்கிலியை அறுக்கலாம். வெஸ்ட் நைலில் அது நடக்காது. முதல் மனித நோயாளி தெரியும்போது பறவைகளிலும் கொசுக்களிலும் வைரஸ் வாரக்கணக்கில் சுற்றியிருக்கும்.

அமெரிக்காவில் உள்ளூர்க் கொசு செய்ததைப் பாருங்கள். 1999-இல் ஒரு நகரத்தில் தொடங்கியது நாலைந்து ஆண்டில் மறுகரை வரை போய்விட்டது. 2003-இல் மட்டும் 9,862 நோயாளிகள், 264 சாவுகள். 2012-இல் டாலஸ் நகரத்தை மையமாகக் கொண்டு மறுபடி பெரிய அலை, நாடு முழுவதும் 286 சாவுகள். கிரீஸில் 2010-இல் 262 பேர். ஐரோப்பாவில் 2018-இல், வசந்தமே வெயிலாக வந்த ஆண்டில், 1,500 பேரைத் தாண்டியது. இவற்றில் ஒன்றிலும் புலிக்கொசு முக்கியக் கடத்தி இல்லை.

பூமியின் தென்பாதியிலும் இதே கதை. ஆஸ்திரேலியாவில் 2022-இல் பெருமழை வெள்ளத்துக்குப் பிறகு, நாட்டின் தெற்குப் பகுதிகளில் 80-க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் தென்பட்டது. மனிதர்களும் இறந்தார்கள். நீர்ப்பறவைகள், பன்றிகள், கியூலெக்ஸ் அன்யூலிராஸ்ட்ரிஸ் என்ற அந்த நாட்டுக் கொசு. ரொம்பக் குளிரான இடம்தான் வேண்டுமா? பின்லாந்தில் போகோஸ்டா நோய், சுவீடனில் ஓக்கல்போ நோய் என்று பெயர். இரண்டும் எகிப்தில் 1952-இல் கண்ட சிண்ட்பிஸ் வைரஸ்தான். கியூலெக்ஸ் டோரென்டியம் என்ற வடக்கத்திக் கொசு பரப்புகிறது. கோடை முடிவில் காட்டுக்குப் பழம் பறிக்கப் போனவர்களுக்கு மூட்டுவலி வந்து, சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்காது.

என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். புலிக்கொசு வந்துவிட்டதா என்று துறைமுகத்திலும் பழைய டயர்க் கிடங்கிலும் பொறி வைக்கப் பணம் கிடைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கொசுவை எண்ண யாரும் ஆசைப்படுவதில்லை. பொறியில் விழும் கியூலெக்ஸ், பழுப்பு நிறத்தில், சொல்லிக்கொள்ளும்படி ஓர் அடையாளமும் இல்லாமல் இருக்கும். பிப்பியன்ஸ் பெண்ணையும் டோரென்டியம் பெண்ணையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்க முடியாது, பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும். ஒன்று சிண்ட்பிஸைத் தூக்கும், பக்கத்தில் கிடக்கும் இன்னொன்று வெஸ்ட் நைலைத் தூக்கும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்த பழைய பதிவேடுகளை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் ஆபத்து எவ்வளவு என்று சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது?

செல்வி_டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டிகிரி கணக்கை நேற்றே கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் 30 டிகிரிக்கும் போட்டு 7 நாள் என்றார்கள். பொறிக்காரன் சார், குளிர்கால விஷயம் பாக்கி இருக்கிறது. அப்புறம் ஒரு பையன் கேட்டான்: வீட்டுக் கொசு பறவையைத்தான் கடிக்கும் என்றால் மனிதனுக்கு எப்படி வருகிறது?

பொறிக்காரன்:

நல்ல பையன், சரியான இடத்தைப் பிடித்திருக்கிறான்.

கியூலெக்ஸ் பிப்பியன்ஸில் இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பழக்கம் வேறு. ஒன்று தரைக்கு மேலே, திறந்த வெளியில் வாழும். அதற்குப் பறவை ரத்தம்தான் பிடிக்கும். குளிர்காலத்தில் உறங்கப் போகும். இன்னொன்று மோலெஸ்டஸ். சுரங்க ரயில் பாதை, வெள்ளம் தேங்கிய அடித்தளம் என்று தரைக்கடியில் வாழும். பாலூட்டிகளைக் கடிக்கும், முதல் முட்டைத் தொகுதிக்கு ரத்தமே தேவையில்லை, குளிர்காலத்திலும் உறங்காது. முதல் வகை மட்டும் இருந்தால் வைரஸ் பறவைகளுக்குள்ளேயே சுற்றும். இரண்டாவது மட்டும் இருந்தால் மனிதனைக் கடிக்கும், ஆனால் அதற்கு வைரஸ் கிடைக்காது. இரண்டும் கலந்து பிறந்த கொசு பறவையையும் கடிக்கும், மனிதனையும் கடிக்கும். அதுதான் பாலம். கலப்பு எங்கே அதிகம் என்பதை வைத்துத்தான் ஒரு வட்டாரத்தின் ஆபத்தைப் பார்க்கிறோம்.

கலப்பு இல்லாவிட்டாலும் பருவம் ஒரு வழி செய்கிறது. வாஷிங்டன் பகுதியில் கொசுக்களின் வயிற்றில் இருந்த ரத்தம் யாருடையது என்று மரபணு பார்த்துச் சோதித்தார்கள். கோடைத் தொடக்கத்தில் பெரும்பாலும் அமெரிக்க ராபின் பறவையின் ரத்தம். கூடு முடிந்து ராபின்கள் கலைந்து போனதும், கோடை முடிவில் மனித ரத்தத்தின் பங்கு கூடியது. பறவைகளில் வைரஸ் உச்சத்துக்கு வந்திருக்கும் அதே நேரத்தில் கொசு மனிதன் பக்கம் திரும்புகிறது. மனித நோயாளிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் குவிவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஏடிஸ் வெக்சான்ஸ் போன்றவையும் இதில் சேரும். அது பாலூட்டிகளையே அதிகம் கடிக்கும், எப்போதாவது பறவையைக் கடித்துவிட்டு மனிதனிடமோ குதிரையிடமோ வந்தால் போதும்.

இப்போது குளிர்காலம். பகல் குறுகுவதைக் கொசு புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருக்கும்போதே உணர்ந்துவிடும். அப்படி வளர்ந்து வெளிவரும் பெண் கொசு இணைசேரும், ஆனால் ரத்தம் குடிக்காது. பூந்தேனைக் குடித்து உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு நிலவறை, குகை, பாலத்தின் அடி என்று ஈரமான இருட்டான இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆண்கள் இலையுதிர்காலத்தோடு முடிந்துபோகும். ஜனவரியில் அப்படி ஒரு நிலவறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், கூரை முழுக்கப் புள்ளி புள்ளியாக அசையாமல் இருக்கும். ஒவ்வொன்றாக உறிஞ்சு குழாயால் எடுப்போம்.

அதற்குள் வைரஸ் எப்படி வந்தது? அதுதான் ரத்தமே குடிக்கவில்லையே! தொற்றிய தாய்க்கொசுவிடமிருந்து முட்டை வழியாகச் சில குட்டிகளுக்கு வைரஸ் போகும். மிகச் சிறிய பங்குதான், ஆனால் அது போதும். நியூயார்க்கில் 2000 ஜனவரி, பிப்ரவரியில் குயின்ஸ் பகுதியின் பழைய கட்டடங்களில் உறங்கிய கொசுக்களைச் சோதித்தபோது வைரஸ் கிடைத்தது. முதல் கோடைக்குப் பிறகு அது அங்கேயே தங்கிவிட்டது என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது. வசந்தத்தில் அந்தப் பெண் கொசு வெளியே வந்து முதல் ரத்தத்தை ஒரு பறவையிடம் குடிக்கும், சுற்று மறுபடி தொடங்கும். அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து பறவை வரவே தேவையில்லை.

எல்லா இடத்திலும் இப்படித் தங்கிவிடும் என்று அர்த்தம் இல்லை. ஒரு குளிர்ந்த கோடை வந்தால் கணக்கு 109-ஐ எட்டாமலே போய்விடலாம். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டியதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். தேங்கிய நீரைக் கொட்டுவது இங்கேயும் பலிக்கும். ஒரு கியூலெக்ஸ் ஒரே தடவையில் நூற்றுக்கு மேல் முட்டைகளை ஒட்டித் தெப்பம் போல நீர்மேல் மிதக்கவிடும், கூரை வடிகாலில் தேங்கிய அழுக்கு நீர் அதற்குப் போதும். வறட்சியில் மழைநீர் வடிகால்கள் கழுவப்படாமல் இருப்பதால் கியூலெக்ஸ் பெருகும், அதனால் மழை இல்லாத கோடையை வைத்து ஏமாறக் கூடாது. ஆற்று வெள்ளத்தில் பிறக்கும் ஏடிஸ் வெக்சான்ஸுக்கு ரைன் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகளாகப் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்தைத் தூவுகிறார்கள், முக்கியமாகக் கொசுப்புழுவைக் குறிவைப்பது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு வட இத்தாலியின் போ சமவெளியில் இருக்கிறது. கோடை முழுக்க ஒரே இடங்களில் பொறி வைப்பார்கள். விழுந்த உள்ளூர்க் கொசுக்களைத் தொகுத்துச் சோதிப்பார்கள், பறவைகளையும் சோதிப்பார்கள். ஒரு மாவட்டத்தின் கொசுத் தொகுப்பில் வைரஸ் தெரிந்தவுடன், அங்கே ஒரு மனிதருக்கும் காய்ச்சல் வராத நிலையிலேயே, தானம் செய்யப்படும் ரத்தத்தை வெஸ்ட் நைலுக்குச் சோதிக்கத் தொடங்கிவிடுவார்கள். ரத்தம் ஏற்றுவதாலும் உறுப்பு மாற்றத்தாலும் இந்த வைரஸ் பரவும் என்பது 2002-இல் அமெரிக்காவில் தெரிந்தது. ஒரே கொடையாளியின் உறுப்புகள் நான்கு பேருக்குத் தொற்றைக் கொண்டுபோயின.

உங்கள் வகுப்புக்கு உறக்கத்தில் இருக்கும் கொசுக்களின் படங்களும், கண்ணாடிக் குழாயில் எச்சில் எடுக்கும் படமும் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள் டீச்சர், அனுப்புகிறேன்.